ஏகாரமும் 'ஒன்லி'யும்

ஆங்கில இலக்கணத்தைப் பற்றி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியில் எழுதுவானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருளைத் தமிழில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சொல்லையோ செய்தியையோ அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் என்னென்ன தொடரமைப்புகள் உள்ளன என்பதை நம் பாடநூல்கள் சொல்லுகின்றன. தமிழ் பேசி வளர்ந்த மாணவன் அவற்றை ஏன் கையாளுவதில்லை, அவற்றின் இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறான் என்பதை நான் படித்தவரையில் அவை சொல்லவில்லை. அந்தக் குறையால் எங்கள் வீட்டில் ஒருமுறை பணமே போயிற்று. ஆகவே இலக்கணத்துக்கு முன் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டி. கோவையிலிருந்து அவிநாசி செல்லும் நெடுஞ்சாலையில், சோமனூருக்குப் பிரியும் இடத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் விசைத்தறிகள். பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடை நூலும் கொடுப்பவர் கொடுக்க, துணியை நெய்து திருப்பிக் கொடுத்துக் கூலி பெறுவார்கள். என் தந்தையாரும் நெடுங்காலம் அப்படித்தான் நெய்தார். பிறகு ஒரு துணிச்சலில் சொந்தமாக நூல் வாங்கிக் காடாத் துணி நெய்து, வடக்கே ஒரு வியாபாரிக்கு நேரே விற்கத் தலைப்பட்டார். பேச்செல்லாம் போனில் நடந்தது. 10 ஆம் தேதிக்குள் சரக்கை லாரியில் ஏற்றிவிட வேண்டும் என்பது வாய்ப்பேச்சு. 10 ஆம் தேதி பொழுது சாயுமுன்பே ஏற்றியாயிற்று. லாரி வழியில் தங்கித் தங்கிப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பண்டிகை வியாபாரம் முடிந்திருந்ததாம். தாமதத்துக்குக் காரணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது.

நான் அப்போது மேனிலைப் பள்ளி முடித்துக் கல்லூரி திறக்கக் காத்திருந்தேன். வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருவரே. "பத்தாந்தேதியே அனுப்பிப்போட்டமுங்கன்னு எழுது கண்ணு. லாரிக்காரந்தான் லேட்டுப் பண்ணிப்போட்டான்னும் எழுது" என்றார் அப்பா. இரண்டே வாக்கியங்கள். நான் எழுதினேன்: "வீ டெஸ்பாட்ச்டு தி கூட்ஸ் ஒன்லி ஆன் தி டென்த். தி லாரி ஒன்லி மேட் தி டிலே." முதல் வாக்கியத்தில் 'ஒன்லி'யை முதலில் கடைசியில்தான் வைத்திருந்தேன். கடைசியில் 'ஒன்லி' போடுவது நம்மவர் பழக்கம், நல்ல ஆங்கிலம் அன்று என்று எங்கோ படித்தது நினைவுக்கு வரவே, பெருமையோடு அதை முன்னே நகர்த்தினேன்.

பதில் வந்தது. 7 ஆம் தேதிக்குள் அனுப்புவதாகவே பேச்சு. 10 ஆம் தேதி வரையில் அனுப்பவில்லை என்பதை உங்கள் கடிதமே ஒப்புக்கொள்கிறது. ஆகவே தொகையில் நூற்றுக்கு 5 கழித்துக்கொள்கிறோம் என்று இருந்தது. அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். "நாம எப்பக் கண்ணு ஒத்துக்கிட்டோம்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதியவரும் இந்தியரே, பேச்சில் அவரும் 'ஒன்லி'யை நம்மைப் போலவே போடுபவராக இருக்கலாம். ஆனால் தாளில் இருந்ததை அவர் அகராதிப்படி படித்தார். அப்படிப் படிப்பது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

நிற்க. என்ன பிழை நேர்ந்தது என்பது நான் இளங்கலை ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்து ஓராண்டு கழிந்த பின்னரே எனக்குப் புலப்பட்டது. அதுவும் ஆங்கில வகுப்பில் அன்று. பகுதி ஒன்று தமிழ் வகுப்பில், நன்னூல் இடையியலில் ஏகாரத்தின் பொருள்களைப் படித்தபோது. பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஆறு பொருள்களை நன்னூலார் சொல்லுகிறார். தொல்காப்பியர் சொன்னவை ஐந்து. இசைநிறை பின்னர் சேர்ந்தது. இவற்றுள் நமக்கு வேண்டியவை இரண்டு. 'எங்கள் தெருவில் அவனே படித்தவன்' என்றால் மற்றவரிடமிருந்து அவனைப் பிரித்துக் காட்டுகிறோம்; இது பிரிநிலை. 'மழை வந்ததே!' என்றால் எதையும் எதிலிருந்தும் பிரிக்கவில்லை, வந்தது உண்மை என்று உறுதி சொல்லுகிறோம், இது தேற்றம். எழுத்து ஒன்று, வேலை இரண்டு. அவற்றை வேறாக எண்ணிப் பெயரிட்டதில் நம் இலக்கணத்தாரின் நுட்பம் தெரிகிறது.

எங்கள் ஊரிலிருந்து இதே நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் பெருந்துறை வரும். அதனருகில் உள்ள சீனாபுரமே நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் என்று கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லுவர். அந்த வழியாகப் பேருந்தில் பலமுறை போயிருக்கிறேன். எனக்கு வேண்டிய பாடத்தை எழுதியவர் ஊர் அது என்று அப்போதெல்லாம் தெரியாது.

இன்றைய பேச்சுத் தமிழில் அழுத்தத்தின் பெரும்பகுதியைத் 'தான்' என்ற சொல் சுமக்கிறது. நன்னூலார் இதனை அசைச்சொற்களுள் ஒன்றாகவே வைத்தார். ஒருகாலத்தில் அசையாக நின்றது இன்று வாக்கியத்தின் பொருளையே திருப்புகிறது. 'ஏ'யும் 'தான்'உம் ஒன்றே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல இடங்களில் ஒன்றே போல நிற்கவும் செய்கின்றன. ஆனால் காலத்தைக் குறிக்கும் சொல்லோடு சேரும்போது அவை ஒன்றற்கொன்று எதிராகப் போகும். 'நேற்றே வந்தான்' என்றால் எதிர்பார்த்ததற்கு முன் வந்தான். 'நேற்றுத்தான் வந்தான்' என்றால் எதிர்பார்த்ததற்குப் பின் வந்தான். படிக்காதவரும் இதில் தவறுவதில்லை. என் தந்தையார் சொன்னது 'பத்தாந்தேதியே'. அதில் 'தான்' இல்லை. நான் இரண்டையும் அழுத்தம் என்ற ஒரே பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியின் மீது 'ஒன்லி' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

ஆங்கில 'ஒன்லி' தேற்றம் அறியாத சொல். அதற்குத் தெரிந்ததெல்லாம் பிரிநிலையே: இது உண்டு, வேறு இல்லை. காசோலையில் தொகையை எழுத்தால் எழுதிக் கடைசியில் 'ஒன்லி' போடுகிறோமே, அங்கே அது தன் சொந்த வேலையைச் செய்கிறது. இதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்று வேலி கட்டுகிறது. தமிழில் எழுதினால் அங்கே 'மட்டும்' என்றுதான் எழுதுகிறோம், 'தான்' என்று எழுதுவதில்லை. காலச்சொல்லோடு சேர்ந்தாலோ 'ஒன்லி' பிந்தியதையே காட்டும். 'ஒன்லி ஆன் தி டென்த்' என்றால் பத்தாம் தேதிக்கு முன் இல்லை என்பது பொருள். அதாவது 'பத்தாம் தேதிதான்'. அப்பா சொன்னதற்கு நேர்மாறான செய்தியை அவர் கையெழுத்தோடு நான் அனுப்பியிருக்கிறேன்! இரண்டாவது வாக்கியம் இன்னும் மோசம். 'லாரிக்காரந்தான்' என்பதை நான் 'தி லாரி ஒன்லி' என்று எழுத, லாரி தாமதம் ஒன்றை மட்டும் செய்தது, வேறொன்றும் செய்யவில்லை என்பது போல ஒரு பொருளற்ற வாக்கியம் பிறந்தது.

அப்படியானால் ஆங்கிலேயர் 'ஏ', 'தான்' இல்லாமல் எப்படித்தான் அழுத்திப் பேசுகிறார்கள்? இதற்கு விடை சுருக்கமானது. நாம் சொல்லின் வாலில் ஓர் இடைச்சொல்லைக் கட்டிவிட்டு வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். அவர்கள் வாக்கியத்தையே கலைத்து மறுபடி கட்டுகிறார்கள். பேச்சில் குரலை உயர்த்தியும் அழுத்துவதுண்டு; ஆனால் அது தாளில் விழாது. எழுத்தில் தொடரமைப்பே கதி. (ஆங்கிலத் தொடர்களை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் தெளிவாக விளங்கும்.)

முதலில் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். 'அனுப்பவில்லை' என்று ஒருவர் சொல்ல, 'அனுப்பினோம்' என்று மறுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அங்கே 'டூ' என்ற துணைவினை வரும்: "வீ டிட் டெஸ்பாட்ச் தி கூட்ஸ்." காலத்தை 'டிட்' ஏற்றுக்கொண்டுவிடுவதால் பின்வரும் வினை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். 'டிட் டெஸ்பாட்ச்டு' என்று இரண்டு இடத்திலும் இறந்தகாலம் வைப்பது நம் வகுப்பிலும் காணும் பிழை. வாக்கியத்தில் வேறு துணைவினை ஏற்கெனவே இருந்தால் 'டூ' வராது. அந்தத் துணைவினையையே அழுத்திச் சொல்ல வேண்டும். 'வீ ஹேவ் பெய்டு' என்பதில் 'ஹேவ்' மீது குரல் ஏறும். ஏவலில் மட்டும் 'பி' என்பதற்கு முன்னும் 'டூ' வரும்: 'டூ பி கேர்ஃபுல்.'

இந்த 'டூ' நமக்கு அயலானது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் யாரிடமோ, "வரத்தான் செஞ்சானுங்க, ஆனாப் பணத்தைக் குடுக்கலீங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஹி டிட் கம், பட் ஹி டிட் நாட் பே" என்பதன் நேர் அச்சு அல்லவா இது! வினையைச் செயவென் எச்சமாக்கி, 'தான்' சேர்த்து, காலத்தைச் 'செய்' என்னும் வினையின் மேல் ஏற்றுகிறோம். ஆங்கிலமும் வினையை வெறுமையாக்கி, 'செய்' என்றே பொருள்படும் 'டூ'வின் மேல் காலத்தை ஏற்றுகிறது. உறவில்லாத இரு மொழிகள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. இரண்டிலும் பின்னால் ஓர் 'ஆனால்' வரக் காத்திருப்பதும் ஒற்றுமையே. ஆகவே 'செய்யத்தான் செய்தேன்' என்று தமிழில் சொல்லிப் பொருந்தும் இடத்தில் எல்லாம் 'டிட்' போடலாம் என்பது என் கைப்பழக்கம். இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியர் நாடகங்களிலும் 1611 இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலும் காணும் 'டிட்' எல்லாம் அழுத்தம் அல்ல. அக்காலத்தில் 'டூ' சாதாரண உடன்பாட்டு வாக்கியத்திலும் அழுத்தமின்றி வந்தது. சுவீடன் அறிஞர் எல்லெகோர்ட் 1953 இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வழக்கு எப்படி வளர்ந்து 16 ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குப் பின் தேய்ந்தது என்று எண்ணிக் காட்டினார். சாதாரண இடங்களிலிருந்து அது விலகியதால்தான், இன்று வரும்போது அழுத்தமாக ஒலிக்கிறது. தேர்வுக்கு நாடகம் படிக்கும் நம் நண்பர்கள் ஒவ்வொரு 'டிட்'டுக்கும் உணர்ச்சி விளக்கம் எழுதாமல் இருப்பது நலம்.

இனிப் பிரிநிலைக்கு வருவோம். இங்கேதான் ஆங்கிலத் தொடரமைப்பின் செல்வம் இருக்கிறது. ஒரு வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து, அழுத்த வேண்டிய உறுப்பை முன்னே தனியாக நிறுத்தி, மற்றவற்றைப் பின்னே தள்ளுவது. 'இட் வாஸ்' என்று தொடங்கி, வேண்டிய சொல்லை வைத்து, 'தட்' அல்லது 'ஹூ' என்று தொடர்வது. டென்மார்க்கு நாட்டு இலக்கண அறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன் 1937 இல் இதற்குப் பிளவு வாக்கியம் என்று பொருள்படும் பெயரை இட்டார். "மை ஃபாதர் டெஸ்பாட்ச்டு தி கூட்ஸ் ஆன் தி டென்த்" என்ற ஒரு வாக்கியத்தை மூன்று விதமாகப் பிளக்கலாம். "இட் வாஸ் மை ஃபாதர் ஹூ டெஸ்பாட்ச்டு தி கூட்ஸ் ஆன் தி டென்த்" என்றால் அனுப்பியவர் என் தந்தையார், வேறொருவர் அல்லர். "இட் வாஸ் தி கூட்ஸ் தட்" என்று தொடங்கினால் அனுப்பியது சரக்கு, மாதிரித் துணி அன்று. "இட் வாஸ் ஆன் தி டென்த் தட்" என்றால் நாள் பத்து, பதினொன்று அன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் 'அன்று' ஒளிந்து நிற்கிறது. அந்த 'அன்று' யாருடைய மனத்திலும் இல்லாதபோது இவ்வமைப்பைப் போடுவது வீண் ஆடம்பரம்.

இதுவும் நமக்குப் புதிதன்று. 'நான் நேற்று வந்தேன்' என்பதை 'நான் வந்தது நேற்று' என்று மாற்றுகிறோம் அல்லவா? முற்றுவினையைப் பெயராக்கி முன்னே விட்டு, அழுத்தும் சொல்லைப் பயனிலை இடத்தில் கொண்டு நிறுத்துகிறோம். 'அனுப்பியது யாருங்க?' 'அனுப்பியது நாங்கதானுங்க.' இது பிளவு வாக்கியமே. வேறுபாடு ஒன்றுதான்: தமிழில் அழுத்தம் பெறும் சொல் கடைசியில் நிற்கும், ஆங்கிலத்தில் 'இட் வாஸ்' என்பதை அடுத்து முன்னே நிற்கும். ஆகவே ஆங்கிலப் பிளவு வாக்கியம் கட்ட வராது தவிப்பவர், சொல்ல வந்ததை முதலில் 'அது' ஈற்றுத் தமிழ் வாக்கியமாக மாற்றிக்கொண்டு, பிறகு அதனைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். 'தாமதமானது வழியில்தான்' என்பது 'இட் வாஸ் ஆன் தி ரோடு தட் தே வேர் டிலேட்' ஆகும். நான் என் தம்பிக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாலையில் பிடித்துக்கொண்டான்.

வினையை இவ்விதம் பிளந்து நிறுத்த ஆங்கிலம் இடம் தராது. அதற்கு 'வாட்' என்று தொடங்கும் மற்றொரு பிளவு உண்டு: 'வாட் ஹி டிட் வாஸ் டிடக்ட் தி மணி.' அவர் செய்தது பணத்தைக் கழித்தது. இதில் அழுத்தம் பெறுவது கடைசியில் நிற்பதால் தமிழ்ப் போக்குக்கு இன்னும் நெருக்கம். நம் மாணவர்கள் 'வாட் ஐ வான்ட் இஸ்' என்று தொடங்கும் தொடரை எளிதாகக் கைக்கொள்வதற்கு இதுவே காரணமாகலாம்.

நிலைமாற்றம் என்பது அடுத்த வகை. 'நெவர்', 'செல்டம்', 'ஹார்ட்லி' போன்ற மறைப்பொருள் சொற்களை வாக்கியத்தின் தலையில் வைத்தால் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னே வந்துவிடும்: 'நெவர் ஹேவ் ஐ சைன்ட் சச் எ லெட்டர்.' 'ஹார்ட்லி' வந்தால் பின்னே 'வென்', 'நோ சூனர்' வந்தால் பின்னே 'தேன்' என்பது தேர்வுத் தாளில் நம்மைப் பிடிக்க வைத்திருக்கும் கண்ணி. இதனைப் புதுமை என்று எண்ண வேண்டா. இது பழைமையின் எச்சம். வாக்கியத்தில் இரண்டாம் இடம் வினைக்கு என்பது ஜெர்மானிய மொழிகளின் பழைய பழக்கம். ஜெர்மன் மொழியில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலம் அதைக் கைவிட்டபோது இதுபோன்ற சில மூலைகளில் மட்டும் தங்கிவிட்டது. ஒரு நுட்பம் எனக்குப் பிடித்தது. 'அட் நோ டைம்' என்று தொடங்கினால் ஒருபோதும் இல்லை என்பது பொருள். எனவே நிலைமாற்றம் கட்டாயம். 'இன் நோ டைம்' என்றால் கணத்தில் என்பது பொருள். அதில் மறுப்பு இல்லை. எனவே நிலைமாற்றமும் இல்லை. 'நோ' என்ற சொல்லைப் பார்த்து அன்று, வாக்கியம் முழுவதும் மறுக்கப்படுகிறதா என்று பார்த்தே துணைவினை நகர்கிறது.

நம் 'ஒன்லி'யும் தலையில் நின்றால் இதே வேலையைச் செய்யும். 'ஒன்லி ஆன் தி டென்த் டிட் வீ டெஸ்பாட்ச் தி கூட்ஸ்.' ஆங்கிலம் 'ஒன்லி'யை மறைச்சொற்களின் வரிசையில் உட்கார வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதன் உள்ளே ஓர் 'இல்லை' இருக்கிறது. அந்த 'இல்லை'யைக் கடிதத்தில் நான் பார்க்கவில்லை, பெற்றுக்கொண்டவர் பார்த்தார்.

'இட்செல்ஃப்' என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. 'டுடே இட்செல்ஃப்', 'தேர் இட்செல்ஃப்' என்று நாம் சொல்லுவதெல்லாம் 'இன்றே', 'அங்கேயே' என்பவற்றின் உடைமாற்றம். ஆங்கிலத்தில் இதற்கு 'திஸ் வெரி டே', 'ரைட் தேர்' என்பன உள்ளன. ஆளைக் குறிக்கும்போது மட்டும் நம் ஏகாரத்துக்கும் அவர்கள் தற்சுட்டுக்கும் ஒத்துப்போகும்: 'அவரே வந்தார்', 'ஹி கேம் ஹிம்செல்ஃப்'. இந்த ஒரு பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டு நாளுக்கும் இடத்துக்கும் அதையே நீட்டிவிட்டோம் என்று கருதுகிறேன். முற்கூட்டியே நடந்ததைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தமிழ் பேசும்போது நாளுக்குப் பத்துமுறை 'ஆல்ரெடி' சொல்லும் நாம், ஆங்கிலம் எழுத உட்கார்ந்தால் அதை மறந்து 'ஒன்லி'யைத் தேடுகிறோம்.

இவ்வளவும் சொன்னதால் நம் 'ஒன்லி'யை நான் இழித்துப் பேசுவதாக ஆசிரியப் பெருமக்கள் கொள்ள வேண்டா. நிசிம் எசக்கியேலின் மிஸ் புஷ்பா பற்றிய கவிதையை வகுப்பில் படித்துச் சிரித்தோம். அதில் பெரிதும் கேலிக்குள்ளாவது நம் தொடர்வினைப் பழக்கம். சிரிப்பு அடங்கியபின், நம் ஆங்கிலத்தின் ஒவ்வொரு 'பிழை'க்கும் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கக்கூடும் என்று எனக்குப் பட்டது. பிரஜ் கச்ரு போன்ற மொழியியலார் இந்திய ஆங்கிலத்தைத் தனக்கென விதிகள் உடைய ஒரு வகையாகவே ஆராய்ந்தனர். 'ஐ ஆம் லைக் தட் ஒன்லி' என்று ஒருவர் சொன்னால் அதில் 'நான் அப்படித்தான்' என்ற முழுத் தமிழும் கேட்கிறது. 'தட் இஸ் ஹவ் ஐ ஆம்' என்பதில் அந்தச் சுவை இல்லை. பேருந்திலும் விடுதியிலும் அப்படியே பேசுவோம், நானும் பேசுகிறேன். பணமோ வழக்கோ தாளில் நிற்கும் இடத்தில் மட்டும், எழுதியவரின் தமிழ் அறியாத ஒருவர் அதைப் படிக்கப்போகிறார் என்பதை நினைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எழுதும்போது நான் இப்போது செய்வது இது. மனத்தில் எழும் 'தான்' என்பதை எடுத்துவிட்டு 'மட்டும்' என்று வைத்துப் பார்க்கிறேன். பொருள் கெடாவிட்டால் 'ஒன்லி' போடுகிறேன். கெட்டால், வேறொருவர் அல்லர் என்பதா என் கருத்து, அல்லது உண்மை என்பதா என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவதற்குப் பிளவு வாக்கியம், இரண்டாவதற்கு 'டூ'. காலச்சொல்லோடு வந்தால் 'ஏ'யா 'தான்'ஆ என்று தமிழில் இருமுறை சொல்லிப் பார்த்த பிறகே பேனாவை எடுக்கிறேன். சில இடங்களில் இந்த வழியும் தடுமாறும். 'அதான் சொன்னேனே' என்பதில் உள்ள 'தான்' எதையும் பிரிக்கவில்லை, எதையும் உறுதி செய்யவுமில்லை, சலிப்பைக் காட்டுகிறது. அதற்கு ஆங்கிலத்தில் ஈடான அமைப்பு எதுவென்று எனக்கு இன்னும் அகப்படவில்லை.

சென்ற ஆண்டு ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் அந்தப் பழைய கடிதத்தின் படியைக் காட்டினேன். படித்துவிட்டு, "நீ எழுதினது கிடக்கட்டும், உங்கப்பா சொன்னதைச் சொல்லு" என்றார். சொன்னேன். "ரெண்டு வாக்கியத்துலயும் அவர் வேற வேற இடைச்சொல் போட்டிருக்கார். நீ ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கே" என்று மட்டும் சொல்லி, திருத்தி எழுதிக் கொண்டுவரச் சொன்னார். மூன்று முறை எழுதியபின் இப்படி வந்தது: "பை தி டென்த் தி கூட்ஸ் ஹேட் ஆல்ரெடி லெஃப்ட் கருமத்தம்பட்டி. இட் வாஸ் ஆன் தி ரோடு தட் தே வேர் டிலேட்."

பிடித்தம் செய்த பணம் திரும்பி வரவில்லை. அந்த வியாபாரியோடு அதன்பின் கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஆயினும் அன்று மாலை வீட்டுக்குப் போனதும் புதிய வாசகத்தை அப்பாவுக்குப் படித்து, சொல் சொல்லாகத் தமிழில் விளக்கினேன். தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.

"பத்தாந்தேதியேங்கற அந்த 'ஏ' இதுல எங்க கண்ணு இருக்குது?"

"'ஆல்ரெடி'ங்கற சொல்லுல இருக்குதுங்கப்பா."

"அது நமக்குத் தெரிஞ்ச சொல்லுதானே" என்று சொல்லிவிட்டு மறுபடி தறிக்குப் போனார்.